கும்பாவும் கும்மும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்றறிந்து நிம்மதியாக இருக்கிறது. வேல்ஸில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. இங்கே குளிர்தான், ஆனால் முழங்கால் ஒத்துழைக்கிறது.

சென்ற ஞாயிறன்று கும் இத்வால் என்ற, நடுவில் ஏரியுள்ள மலைப் பள்ளத்தாக்குக்குப் போனோம். 'கும்' என்றால் வெல்ஷ் மொழியில் பள்ளத்தாக்கு. சி, டபிள்யூ, எம் என்று எழுதுகிறார்கள். உயிரெழுத்து எங்கே என்று தேடினேன். அம்மொழியில் டபிள்யூவே 'உ' என்று ஒலிக்கும் உயிராம். ஆறு பரந்தோடும் அகன்ற பள்ளத்தாக்குக்கு 'டஃப்ரின்' என்று வேறு பெயர். மூன்று பக்கமும் மலை எழும்பி வளைத்துக்கொண்டால் அது கும்.

சொல்லின் வேரைத் தேடினால், ஆங்கிலம் வருமுன் இத்தீவில் பேசிய கெல்திக் மொழியில் 'கும்பா'! அப்பா பழைய சோறு சாப்பிட்ட வெண்கலக் கும்பா உன் நினைவில் இருக்கிறதல்லவா? அதே ஒலி. கிரேக்கத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லோடும், வடமொழிக் கும்பத்தோடும் இதைச் சில மொழியியலாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஏரிக்கரையில் நின்றபோது அவர்கள் பக்கமே சாய்ந்துவிட்டேன். ஆங்கிலேயர் இங்கிருந்த மக்களிடம் வாங்கிக்கொண்ட சொற்கள் மிகக் குறைவு. அவற்றில் இதுவும் ஒன்று, 'கூம்' என்று. இமயம்வரை ஏறிய சொல் இது: 1921இல் எவரெஸ்டின் பனிப்பள்ளம் ஒன்றுக்கு மேற்குக் கும் என்று பெயரிட்டவர் மலையேறி ஜார்ஜ் மலோரி.

இந்தக் கும்பாவைக் குடைந்தது பனியாறு. 1831இல் டார்வின் தம் ஆசிரியர் செட்ஜ்விக்கோடு இங்கே வந்து, மணிக்கணக்காகப் பாறைகளில் தொல்லுயிர்த் தடங்களைத் தேடியிருக்கிறார். சுற்றிலும் கிடந்த பனியின் தடம் இருவர் கண்ணிலும் படவில்லை. 1842இல் திரும்பி வந்தபோதுதான் டார்வின் அதைக் கண்டுகொண்டார். தீயில் எரிந்த வீடுகூடத் தன் கதையை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது என்று பின்னாளில் எழுதினார். எவ்வளவு பெரிய மனம்! தாம் காணாமல் விட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஈரப் பாறையொன்றில் கை வைத்துப் பார்த்தேன். அரிவாள் தீட்டிய கல்லில் விழுமே, அப்படி ஒரே திசையில் நீளநீளமாய்க் கீறல்கள். பனி இழுத்துச் சென்ற கற்கள் போட்டவை. மகள் அதைப் படமெடுத்திருக்கிறாள், இன்றிரவு உனக்கு அனுப்புவாள். புதுக் கண்ணால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்