துண்டுச் சீட்டுக்கு வந்த பதில்

சிவமயம்

காரைக்குடி

அன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தாங்களும் ஆச்சியும் மகள் வீட்டாரும் நியூஜெர்சியில் நலமாக இருப்பதைத் தங்கள் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தோம். தங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் மழைநீர் இறங்கிய இடத்தில் ஓடு மாற்றி முடித்தாயிற்று. செலவுக் கணக்கைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து தொலைக்காட்சியின் இரவு விவாதங்களை நான் ஒன்றுவிடாமல் பார்ப்பதாக என் மகன் தங்களிடம் சொல்லியிருக்கிறான் போலும். அணைத்துவிட்டு உறங்கக்கூடாதா, இந்த வயதில் உடம்பு என்ன ஆவது என்று அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள். என்னால் அணைக்க முடியவில்லை, அண்ணே. அதன் காரணத்தைச் சொல்லவே இன்று எழுத உட்கார்ந்தேன்.

இரவு உணவு முடிந்ததும் வளவில் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிடுகிறேன். கணக்கெழுதியே காலத்தைக் கழித்தவன் என்பதால் வெறுங்கையோடு பார்க்க மனம் வரவில்லை. ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கம் நெறியாளர் கேட்கும் கேள்வியையும் வலப்பக்கம் அதற்கு வரும் பதிலையும் எழுதி வருகிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நம் ஐயாமார் காலத்தில் ஐந்தொகைக் கணக்கு ஒரு காசு பிசகினாலும் விளக்கை அணைக்க மாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்ணோடு பார்த்தால் என் நோட்டின் இடப்பக்கம் நிறைந்திருக்கிறது, வலப்பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாகக் கிடக்கிறது.

சென்ற வாரம் ஒருநாள் நம் சீமைக்கே உரிய பொருள் விவாதத்துக்கு வந்தது. தென்மாவட்டக் கண்மாய்களைத் தூர்வார ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, வரத்துக்கால்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை யார் அகற்றுவார்கள் என்று நெறியாளர் தெளிவாகத்தான் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் பேசியவர், எதிர்க்கட்சி ஆண்ட காலத்தில் என்ன செய்தது என்று திருப்பிக் கேட்டார். எதிர்க்கட்சிக்காரர் அதற்கு முந்தைய ஆட்சிக்குப் போனார். மூன்றாமவர் இருவரையும் சேர்த்துக் குற்றம் சாட்ட, மூவரும் ஒரே நேரத்தில் குரலுயர்த்தியதில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. விளம்பர இடைவேளைக்குப் பின் வேறு பொருளுக்குச் சென்றுவிட்டார்கள். கருவேல முள் அடைத்துக் கிடக்கும் நம் கண்மாய்க்கரையில் நின்று யோசித்தவர் எவரும் அப்படி அந்தக் கேள்வியைக் கைவிட்டிருக்க மாட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நெறியாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரமும் முன்னுரையும் கழிந்தால் முக்கால் மணி நேரம் மிஞ்சலாம். அதை நான்கு விருந்தினரும் நெறியாளரும் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்பது நிமிடம் வருகிறது, அந்த ஒன்பதும் துண்டு துண்டாக வருகிறது. அந்த அவகாசத்தில் எவராலும் ஒரு திட்டத்தின் பணக்கணக்கை விளக்கிவிட முடியாது. ஆனால் அடுத்தவரைக் கோபப்படுத்துவதற்கு அரை நிமிடம் போதும் என்பதால், வருபவர்கள் அதற்கே ஆயத்தமாகி வருகிறார்கள்.

தாங்கள் அங்கே கண்ட விவாதங்களைப் பற்றி எழுதியிருந்ததை இருமுறை படித்தேன். 2020 செப்டம்பர் 29இல் டிரம்பும் பைடனும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் இடைமறித்துக்கொண்டதால், அக்டோபர் 22இல் நடந்த விவாதத்தில் ஒருவர் தம் முதல் இரண்டு நிமிடங்களைப் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கியை அடைத்து வைத்தார்கள் என்றும், 2024 ஜூனில் பார்வையாளரே இல்லாத அரங்கில் முறை வந்தவரின் ஒலிவாங்கியை மட்டும் திறந்தார்கள் என்றும் எழுதி, இங்கேயும் அதைச் செய்தால் போதுமே என்று கேட்டிருந்தீர்கள். செய்தால் நல்லதுதான். ஆனால் குறை அதைவிட ஆழத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி முன் நின்ற நாளிலிருந்து அங்கே மேடையில் நிற்பவர்கள் பதவியைக் கேட்பவர்களே. சொன்ன சொல்லுக்கு அவர்களே பொறுப்பு. நம்முடைய இரவு விவாதத்தில் அமர்பவர் செய்தித் தொடர்பாளர், அல்லது ‘அரசியல் விமர்சகர்’, ‘மூத்த பத்திரிகையாளர்’ என்று பெயருக்குக் கீழே எழுதப்பட்ட ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொகுதியிலும் நிற்பதில்லை. நாளை வென்று சட்டமன்றம் செல்லப்போகிறவரோ அந்த நேரத்தில் திறந்த வேனில் கைகூப்பியபடி தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறார், அவரை நிறுத்திக் கேள்வி கேட்க வழியில்லை. 234 தொகுதிகளுக்கும் சென்னையில் ஓர் அரங்கில் ஒரே சண்டை நடக்கிறது. சம்பை ஊற்றின் நீர்வளத்தை எப்படிக் காப்பது, மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் வீட்டுவரி என்ன ஆகும், ஆத்தங்குடிக் கல் வார்ப்பவருக்கு மணல் எங்கிருந்து வரும் என்று அங்கே யார் கேட்பார்கள்?

தங்கள் பேரன் பள்ளியில் லிங்கன், டக்ளஸ் விவாதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். இல்லினாய் மாநிலத்தில் செனட் பதவிக்காக அவ்விருவருக்கும் இடையே 1858இல் ஏழு ஊர்களில் நடந்த அந்த விவாதங்களில் முதலாமவர் 60 நிமிடம், மற்றவர் 90 நிமிடம், பிறகு முதலாமவர் மறுமொழியாக 30 நிமிடம் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். அடிமை முறையைப் புதிய நிலப்பகுதிகளுக்கு விரியவிடலாமா என்ற ஒரே கேள்வியை அத்தனை நேரம் மக்கள் நின்று கேட்டார்கள் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. லிங்கனுக்கு அந்த முறை செனட் பதவி கிடைக்கவில்லை. அதனால் அவர் பேசியது வீண் என்று யாரும் சொல்வதில்லை.

நம் ஊர் மக்களுக்கும் அந்தப் பொறுமை இருந்தது. 1977 ஜூன் மாதச் சட்டமன்றத் தேர்தல் தங்களுக்கு நினைவிருக்கும். வாக்குரிமை வயது அப்போது 21. அது 18 ஆனது 1989இல். 1977இல்தான் நம் இருவர் பெயரும் பட்டியலில் ஏறியிருந்தன. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கி ஏறத்தாழ இரண்டாண்டு ஆகியிருந்தாலும் நம் ஊருக்கு அது எட்டவில்லை. ஐந்து விளக்குப் பகுதியில் கூட்டம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போய் நிற்போம். ஒரு வேட்பாளர் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, தாங்கள் சட்டைப்பையிலிருந்த பேருந்துச் சீட்டின் பின்புறத்தில், கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலுங்கு உடைந்து மூன்றாண்டாகத் தண்ணீர் வீணாகிறதே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று எழுதி மேடைக்கு அனுப்பினீர்கள். தங்கள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவர் அதை ஒலிபெருக்கியில் உரக்கப் படித்தார். கூட்டம் அமைதியானது. “இது எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றார். பத்து நாள் கழித்து அவரே சைக்கிளில் வந்து, கரையில் நம்மை நிற்கவைத்து, எவ்வளவு செலவாகும், எந்த அலுவலகத்தில் காகிதம் தேங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அந்தத் தேர்தலில் தோற்றார். கலுங்கை நான்காண்டு கழித்து வேறொருவர் காலத்தில் கட்டினார்கள். ஆனாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று ஊர் நடுவில் நின்று சொன்ன அந்தக் குரல் இன்னமும் என் காதில் இருக்கிறது. இத்தனை இரவுகளில் என் நோட்டின் வலப்பக்கத்தில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூட எழுதவில்லை.

எதிரெதிராக வாதிடும் மரபு நமக்குப் புதியதன்று. புகாரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அந்தப் புகாரின் இந்திரவிழாவுக்கு முரசறைந்தவன் வாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச்சொல்லி அழைத்துவிட்டு, பகைவரோடாயினும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’, அதாவது பகையும் பூசலும் இல்லாமல் விலகுங்கள் என்று சேர்த்துச் சொன்னதாக மணிமேகலை கூறுவதை மறந்துவிட முடியாது. பட்டிமண்டபம் என்ற சொல்லுக்கு நம் காலத்தில் உயிர் கொடுத்த ஊர்களில் ஒன்று காரைக்குடி. 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் விழாவைக் குறித்த மணிக்குத் தொடங்கிக் குறித்த மணிக்கு முடிப்பார். அவரே 1962இல் சுதந்திராக் கட்சியின் சார்பில் இத்தொகுதியில் வென்றவரும்கூட. மணி அடித்தால் பேச்சு நிற்கவேண்டும், மறுப்பவர் முதலில் எதிரணி சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கவேண்டும் என்பதையெல்லாம் நாம் பாயில் அமர்ந்து கற்றோம். அங்கே வாதிட்டவர்களுக்கு ஆட்சி கிடைக்கப்போவதில்லை என்பதால் அந்த நிதானம் எளிதாக வந்தது என்று தாங்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆயினும் ஆட்சி யாருக்கு என்று தீர்மானிக்கும் பேச்சில் அந்த நிதானம் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அரசு ஏற்பாடும் ஒன்று உண்டு. 1998 முதல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் தேர்தல்தோறும் இலவச நேரம் ஒதுக்குகிறார்கள். கட்சிக்கு ஒருவரை அழைத்து நடத்தும் கலந்துரையாடலும் அதில் அடங்கும். பார்ப்பவர்தான் குறைவு.

என்னை அணைக்கவிடாமல் வைத்திருப்பவள் என் பேத்தி. அவளுக்கு இதுதான் முதல் வாக்கு. அவள் விவாதம் முழுவதையும் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் ஒருவர் மற்றவரை மடக்கிய அரை நிமிடம் மட்டும் வெட்டப்பட்டு அவள் செல்பேசிக்கு வந்துவிடுகிறது. “ஐயா, நேற்று அவர் நன்றாகக் கொடுத்தார் பார்த்தீர்களா” என்று கேட்டாள். கேள்வி என்னவாக இருந்தது என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. நோட்டைக் காட்டினேன். நெடுநேரம் புரட்டினாள். பிறகு நாங்கள் இருவரும் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் நம் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் திறந்து படித்தோம். சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்கு, கல்வி எல்லாவற்றையும் வேட்பாளரே உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் 2003 முதல் நிலைபெற்ற முறை. இத்தனை விவாதங்களில் அந்தத் தாள்களை ஒருவரும் கையில் எடுத்து நான் காணவில்லை. பேத்தி தன் கைப்பட ஏழு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள்.

அவற்றைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் நாங்கள் சிலர் முயன்று வருகிறோம். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, கட்சிக்கொடி இல்லாமல், ஆளுக்கு இருபது நிமிடம் பேசவிட்டு, அதன்பின் மக்கள் அனுப்பும் துண்டுச் சீட்டுகளைப் படித்துப் பதில் கேட்பது என்று திட்டம். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எந்தக் கூட்டமும் கூடாது என்பதால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையைக் குறித்திருக்கிறோம். இதுவரை இரண்டு வேட்பாளர்கள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தம் சார்பில் வேறொருவரை அனுப்புவதாகச் சொன்னார், அதை ஏற்க இயலாது என்று பணிவோடு தெரிவித்துவிட்டோம். மற்றவர்களிடமிருந்து மறுமொழி இல்லை. இரண்டு பேர் மட்டும் வந்தாலும் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

தாங்கள் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருப்பதால் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் பதிந்திருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயரைக் கொண்டு வாக்களிக்கக் கடவுச்சீட்டோடு நேரில் வந்து நிற்கவேண்டும். மருத்துவர் பயணம் வேண்டாம் என்றிருப்பதால் வற்புறுத்தமாட்டேன். ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு துண்டுத்தாளில், தங்கள் கையெழுத்தில், கண்மாயைப் பற்றித் தாங்கள் இன்று என்ன கேட்க விரும்புகிறீர்களோ அதை எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். அச்செடுத்து மற்றச் சீட்டுகளோடு பெட்டியில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

ஆச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள நண்பன்