வாத்து வேண்டாம் என்றவனுக்கு

பொன்மலை, திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ தாய்லாந்தில் சியாங் மாய் போய்ச் சேர்ந்ததும், அங்கே மழை இன்னும் விடவில்லை என்பதும் தெரிந்தது. எங்களுக்கு நீ அனுப்புவதெல்லாம் கோயில் படம், மலைப் படம். பாங்காக்கில் வேறு நிலையத்துக்குப் போய் ரயிலை விட்டது, காரத்தில் கண் கலங்கியது எல்லாம் அக்கா வழியாகத்தான் வந்து சேர்கிறது. அதிலும் ரயில் விஷயம்! காலமெல்லாம் ரயில்வேயில் குப்பை கொட்டிய அப்பனிடம் சொல்லாமல் அவளிடம் சொல்லியிருக்கிறாயே.

சரி, நடந்ததை நான் விசாரித்துவிட்டேன். உன்னை ஏற்றிப்போன டுக் டுக் ஆட்டோ ஓட்டுநர் மேல் தப்பே இல்லை. ‘ரயில் நிலையம்’ என்று மட்டும் சொன்னால் அவர் ஹுவா லம்போங்குக்குத்தான் ஓட்டுவார். 1916-லிருந்து அந்த ஊருக்கு அதுதானே ரயில் நிலையம். 2023 ஜனவரியில்தான் தூரத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றை பாங் சூவில் கட்டிய புதிய நிலையத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் இன்னும் சில வண்டிகள் ஓடுவதால் போய் இறங்கியவனுக்குச் சந்தேகமும் வராது. சென்னையில் சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா என்று கேட்காமல் நீ வண்டி ஏறுவாயா? பாங்காக்கில் மட்டும் எப்படி ஏறினாய்? அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பூமிக்கடியில் மெட்ரோ ஓடுகிறது. திரும்பி வரும்போது பாங் சூவில் இறங்கி அதைப் பிடி, சாலை நெரிசலில் மாட்டாதே. டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நிலையத்தின் பெயரை ஓட்டுநரிடம் அப்படியே நீட்டு. உன் வாயை விட அந்தத் துண்டுச் சீட்டு நன்றாகத் தாய்லாந்து மொழி பேசும்.

வாத்து கதையைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் தாளிப்பு கருகிவிட்டது. காரம் வேண்டாம் என்று நீ சொல்ல, கடைக்காரம்மா தலையை ஆட்டிவிட்டு, வாத்து இல்லாமல், மிளகாய் மட்டும் குறைவில்லாமல் கொண்டுவந்து வைத்தாராமே. அவர்கள் காரத்துக்குச் சொல்லும் சொல்லில் ‘பெ’ என்னும்போது மூச்சுக் காற்று வெளியே அடிக்க வேண்டும். காற்று வராமல் ‘பெட்’ என்றால் அது வாத்து. நமக்கோ ப என்றால் ஒரே ப. உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு சொல்லிப் பழகு, கையில் காற்றுப் பட்டால் சரி. ஹிந்தி படித்த அக்காவுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அதை வைத்து வீட்டில் இன்னொரு மொழிச் சண்டை எதற்கு என்று நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் இந்த ‘கா’. விடுதிக்கார அக்காவைப் பார்த்து நீயும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் கா போட்டுக்கொண்டு திரிகிறாயாம். அது பெண்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. ஆண்பிள்ளை ‘க்ராப்’ என்று முடிக்க வேண்டும். அவர்கள் திருத்தாமல் புன்னகைத்தது உன் உச்சரிப்பை மெச்சி இல்லை.

அதே அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதும் நீ பகல் 2 மணிக்கே போய்க் கதவைத் தட்டினாயே, அதற்கு மட்டும் நான் உன் பக்கம். ‘சோங்’ என்றால் இரண்டு என்று ஒழுங்காகப் படித்துத்தான் போயிருக்கிறாய். ஆனால் அவர் சொன்னது ‘சோங் தும்’. இரவு 7 மணி அவர்களுக்கு ஒரு தும், 8 மணி இரண்டு தும், 11 மணி ஐந்து தும். அந்தக் காலத்தில் பகல் நேரத்தைச் சேகண்டி அடித்தும் இரவு நேரத்தை முரசு கொட்டியும் ஊருக்குச் சொன்னார்களாம். தும் என்பது அந்த முரசின் சத்தம். இரவை ஜாமம் ஜாமமாக எண்ணியவர்களின் பேரனுக்கு இது பிடிபடாத கணக்கு இல்லை. இருந்தாலும் பேச்சில் வரும் நேரத்தை நம்பாதே. எழுதிக் காட்டச் சொல். 20.00 என்று எழுதிவிட்டால் எந்த ஊரிலும் அது இரவு எட்டுதான். ரயில்வேக்காரன் சொல்கிறேன்.

மாத்திரைப் பட்டையிலும் பால் பாக்கெட்டிலும் 2568, 2569 என்று போட்டிருந்தால் ஐந்நூறு வருஷம் கெடாது என்று வைத்துக்கொள்ளாதே. அது புத்தர் ஆண்டு, 543-ஐக் கழித்துப் பார்.

அம்மாவின் கவலை புரட்டாசி சனிக்கிழமை பற்றி. சைவம் என்று நீ எவ்வளவு சொன்னாலும் மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி. கடை வாசலில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிகிறதா என்று பார். அங்கே கறியும் இல்லை, மீன் சாறும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. நவராத்திரியை ஒட்டி அவர்களும் ஒன்பது நாள் அப்படி விரதம் இருப்பார்கள் என்பதால் இப்போது தெருவெல்லாம் அந்தக் கொடிதான் பறக்கும். இதை அம்மாவிடம் சொன்னதும் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு வேலை செய். விஜயதசமிக்குள் பாங்காக் திரும்பிவிடு. சீலோம் சாலையில் நம் ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அன்று இரவு அம்மன் ஊர்வலம் வரும், சாலையையே மூடிவிடுவார்கள், தாய்லாந்துக்காரர்கள் வழி நெடுக விளக்கும் பூவும் வைத்துக் காத்திருப்பார்கள். மாரியம்மன் கோயில் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, ‘வாட் கேக்’ என்று கேள்.

உன் பையில் இருப்பதெல்லாம் அரை டிராயர்தான் என்கிறாள் அம்மா. முட்டி தெரிய அங்கே நிற்காதே. சந்தையில் ஒரு முழுக் கால்சட்டை வாங்கிக்கொள். விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல், இடுப்பளவைப் போட்டுப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா