செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய பயணிகள் விமானங்கள் குறித்த நினைவுப் பதிவுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்த விமானிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய பயணிகள் விமானங்களை ஓட்டிய நம் உறுப்பினர்களின் நினைவுகளை அவர்களுடைய குரலிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இவ்வாண்டு சங்கத்தின் முதன்மைப் பணி அதுவாகவே அமைந்தது. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். எனவே இவ்வறிக்கையைப் பெரும்பாலும் பதிவுப் பணிக்கே ஒதுக்கியுள்ளேன்.

முதல் பதிவு டிசி-3 விமானம் பற்றியது. 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்த அவ்விமானம் தரையில் நிற்கையில் வால் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும் என்பதையும், முன்னால் இருப்பது சரியாகத் தெரியாததால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்தே ஓடுபாதைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் அதை ஓட்டிய மூத்த உறுப்பினர் விளக்கினார். பிறகு எஞ்சினைக் கிளப்பும் முறைக்கு வந்தார். வட்ட வடிவில் சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் சில மணி நேரம் நின்றுவிட்டால் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும்; எண்ணெயை அழுத்த முடியாத பிஸ்டன் முட்டி நின்று, இணைப்புத் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகும். அதனால்தான் பற்றவைப்பைத் தராமல் முதலில் விசிறியைச் சுழற்றி, கடந்து செல்லும் அதன் இறகுகளை வாய்விட்டு எண்ணுவார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கொண்டே வந்த அவருடைய கண்கள் மூடியிருந்தன. எண்ணி முடித்ததும் வலக்கை தானாக உயர்ந்து, தலைக்கு மேல் இல்லாத ஸ்விட்சைத் தேடிப் பிடித்துத் திருப்பியது. ஒலிப்பதிவில் அந்த இடத்தில் வெறும் மௌனமே இருக்கிறது. அன்று மாலையே கூடிய பதிவுக் குழு, இனி எல்லாப் பதிவுகளையும் காணொளியாகவே எடுப்பது என்று முடிவு செய்தது.

நான்கு பிஸ்டன் எஞ்சின்கள் கொண்ட சூப்பர் கான்ஸ்டெல்லேஷன் விமானத்தில், பறக்கும்போது எஞ்சின்களைக் கவனித்துக்கொள்ளும் ஃபிளைட் எஞ்சினியராகப் பணியாற்றிய உறுப்பினரின் பதிவே இவ்வாண்டின் மிக நீண்ட பதிவு. எஞ்சின் ஒன்றுக்குப் பதினெட்டு சிலிண்டர்கள், வெளியேறும் புகையின் வேகத்திலிருந்து ஆற்றலை மீட்டுத் தரும் மூன்று டர்பைன்கள் என்றமைந்த அந்த இயந்திரங்களை இரவு நேரங்களில் ஜன்னல் வழியே சுடரின் நிறத்தைப் பார்த்தே எடைபோட்டதாக அவர் கூறினார். புறப்படுகையில் நீண்டு செந்நிறமாக எரியும் சுடர், எரிபொருள் கலவையைக் குறைத்துச் சீரான பறப்புக்கு வந்ததும் நீலமாகச் சுருங்கும். அட்லாண்டிக் கடலை மேற்கு நோக்கிக் கடந்த குளிர்கால இரவுகளில் எதிர்க்காற்று எரிபொருளைத் தின்றுவிட, நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர் விமான நிலையத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு செல்வது வழக்கமாம். ஜெட் விமானங்களும் தொடக்கத்தில் கேண்டரை விட்டுவிடவில்லை. 1958 அக்டோபர் 4 அன்று லண்டனிலிருந்து நியூயார்க் சென்ற காமெட் 4 விமானமும், அதே மாதம் 26 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் சென்ற போயிங் 707 விமானமும் அங்கு இறங்கியே சென்றன. நெடுந்தூரம் பறக்கும் ஜெட் வகைகள் வந்த பிறகுதான் கேண்டரின் விளக்குகளை மேலிருந்து பார்த்துவிட்டுக் கடந்து போகும் காலம் வந்தது.

ஒரு வருத்தத்தையும் இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளேன். டர்போபிராப் (டர்பைனால் விசிறியைச் சுழற்றும்) பயணிகள் விமானங்களில் முதலாவதாக 1953-இல் சேவைக்கு வந்த விக்கர்ஸ் வைகவுண்டை ஓட்டிய நம் உறுப்பினர் ஒருவர் இவ்வாண்டு காலமானார். அவருடைய பதிவை இரண்டு முறை தள்ளிவைத்தவன் நான். பிஸ்டன் எஞ்சின்களின் அதிர்வுக்குப் பழகிய பயணிகள், வைகவுண்டின் மேசையில் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி அது விழாமல் நிற்பதைக் கண்டு வியப்பார்கள் என்று தேநீர் இடைவேளையில் அவர் சொன்னது மட்டுமே நம்மிடம் எஞ்சியுள்ளது. அந்தத் தாமதத்துக்கு நானே பொறுப்பேற்கிறேன்.

விசி-10 என்ற ஜெட் விமானத்தை ஓட்டிய உறுப்பினர்கள் இருவர் ஒன்றாக அமர்ந்து பேசினர். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் அமைந்த நைரோபி, ஜோகன்னஸ்பர்க் போன்ற இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் ஒருசேரக் குறையும். வெப்பம் ஏறினால் இன்னும் குறையும். அத்தகைய நிலையங்களை மனத்திற்கொண்டே, நான்கு எஞ்சின்களையும் வாலருகே வைத்து இறக்கையைத் தடையின்றி விட்டு அவ்விமானத்தை வடிவமைத்தார்கள். நண்பகல் வெயிலில் மற்றவர்கள் சுமையைக் குறைத்துக்கொண்டிருக்க, தாங்கள் நிறைசுமையோடு எழும்பியதை இருவரும் மாறி மாறிச் சொன்ன பெருமிதம் பதிவில் அப்படியே இருக்கிறது.

ஹாங்காங்கின் பழைய கை டாக் நிலையம் பற்றிய பதிவு ஒரு கொள்கை முடிவுக்கு வழிவகுத்தது. 13-ஆம் ஓடுபாதைக்கு வரும் விமானம், கட்டம் கட்டமாக வண்ணம் பூசிய குன்றை நோக்கி இறங்கி, சுமார் 650 அடி உயரத்தில் வலப்புறம் 47 பாகை திரும்பி, குடியிருப்புகளின் கூரைகளுக்குச் சற்று மேலாகச் சென்று தரைதொட வேண்டும். அங்கு தாம் முதன்முதலில் இறங்கியது 747 விமானத்தில் என்று உறுதிபடக் கூறிய உறுப்பினரின் பறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, அது 707 என்றும், அவர் சொன்னதற்கு இரண்டாண்டு முந்தையது என்றும் தெரிந்தது. ஆனால் திருப்பத்தின்போது பக்கக்காற்றுக்காக அவர் செய்ததாகச் சொன்ன ஒவ்வொரு திருத்தமும் சரி என்று அங்கு இறங்கிய மற்றவர்கள் உறுதிசெய்தனர். நினைவு ஆண்டையும் எண்ணையும் தவறவிட்டாலும் கை கற்றதை விடுவதில்லை என்பது என் கருத்து. ஆகவே பேசியவரின் சொல்லைத் திருத்தாமல், பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அதனருகே இணைத்து வைப்பது என்று செயற்குழு ஏற்றுக்கொண்டது.

கை டாக் 1998-இலும், ஏதென்ஸின் எல்லினிகான் 2001-இலும், பெர்லினின் டெம்பல்ஹாஃப் 2008-இலும் மூடப்பட்டன. இவற்றில் இறங்கியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வரும் ஆண்டில் முதலிடம், விமானி அறையிலிருந்தே மறைந்துபோன பணிகளைச் செய்த ஃபிளைட் எஞ்சினியர்களுக்கும், செக்ஸ்டண்ட் என்ற கோணமளக்கும் கருவி கொண்டு விண்மீன்களைப் பார்த்து வழி கணித்த நேவிகேட்டர்களுக்கும் தரப்படும். வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கி, நாள் குறித்த பின் எக்காரணம் கொண்டும் தள்ளிவைக்காமல், வர இயலாதவர்களின் இல்லத்துக்கே குழுவினர் சென்று பதிவு செய்வார்கள். உறுப்பினர்கள் தங்கள் பறப்புப் பதிவேடுகளைத் தேடி எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்