சைடு பாட் கணக்கு தப்பா வருது சார், தயவுசெஞ்சு சரி பண்ணுங்க

கஸ்டமர் கேர் சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்,

உங்க போக்கர் கேமோட ஃபுல் வெர்ஷன 349 ரூபா குடுத்து வாங்கி ஆடிட்டு வர்றேன். மதுரை கீழமாசி வீதியில ஒரு மொத்த மளிகைக் கடையில கணக்கு எழுதுற ஆளு நான், ஊரு சேடபட்டி பக்கம். போன அப்டேட்டுக்கு அப்பறம் கேம்ல பாட்ட, அதாவது எல்லாரும் பந்தயமா நடுவுல போட்ட சிப்ஸ் வில்லைங்கள, பிரிக்கிற கணக்கு தப்பா வருது. ஏற்கனவே மெயில் போட்டேன், அதுக்கு கார்டு எல்லாம் ரேண்டமாத்தான் வரும், அடுத்த ஆட்டத்துக்கு வாழ்த்துக்கள்னு பதில் அனுப்பி இருந்தீங்க. கார்டு சரியில்லன்னு நான் எழுதவே இல்லையே சார். அதான் திரும்ப விளக்கமா எழுதுறேன், முழுசா படிங்க.

கார்டு விழுறது பத்தி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கையில ஜோடி ஏஸ் வர்றதே சராசரியா 221 கைக்கு ஒருக்காத்தான், அப்படி வந்தும் எதிர்ல ஒத்த ஆளு என்னத்தையோ கையில வச்சிக்கிட்டு கடைசி கார்டு வரைக்கும் வந்தா நூத்துக்கு ஒரு 15 தடவ அவன் ஜெயிச்சிட்டுப் போயிருவான், அது ஆட்டம், அடுத்த கையப் பாப்போம். ஆனா சிப்ஸ பிரிக்கிறதுல அதிர்ஷ்டத்துக்கு என்ன சார் வேலை? அது வெறும் கூட்டல் கழித்தல்.

நடந்தது இதுதான். எங்கிட்ட 8000 சிப்ஸ், கம்ப்யூட்டர் ஆளுங்கள்ல கண்ணாடி போட்ட அம்மா கேரக்டர்ட்ட 5000, தொப்பிக்காரன்ட்ட 2000. ஃபிளாப்புக்கு முன்னாடியே, அதாவது நடுவுல மொத மூணு கார்டு விழுறதுக்கு முன்னாடியே, தொப்பிக்காரன் இருந்த 2000-த்தையும் மொத்தமா ஆல் இன் போட்டான், நான் 5000-க்கு ரெய்ஸ் பண்ணேன், கண்ணாடியம்மாவும் 5000-த்தையும் தள்ளிருச்சு. மொத்தம் 12000, பிளைண்ட்னு ஆட்டம் ஆரம்பிக்கிறப்ப கட்டாயமா போடுற சில்லறைய விட்டுருவோம். போர்டுல, அதாவது எல்லாருக்கும் பொதுவா நடுவுல விழுந்த கார்டுல, ஏஸ், ராஜா, ஏழு, நாலு, ரெண்டு. என் கையில ஏஸும் ராஜாவும், அதாவது ரெண்டு ஜோடி. அந்தம்மாட்ட ஏஸும் ராணியும், ஏஸ் ஜோடி மட்டும். தொப்பிக்காரன்ட்ட ஏழு ஜோடி, போர்டு ஏழோட சேந்து மூணு ஏழு, அவன்தான் பெரிய கை. சரி, ஒத்துக்கிறேன். ஆனா அவன் போட்டது 2000 தானே, அப்ப ஆளுக்கு 2000 வீதம் 6000 தான் அவனுக்குச் சேரும். மிச்சம் 6000 சைடு பாட், அது எனக்கும் அந்தம்மாவுக்கும் நடுவுல, அதுல என் கை பெருசு, எனக்கு வரணும். நான் 9000-ல நிக்கணும். உங்க கேம் 12000-த்தையும் தூக்கி தொப்பிக்காரன்ட்ட குடுத்துட்டு என்னைய 3000-ல நிறுத்திருச்சு. எங்க கடையில மூணு பேரு சேந்து ஒரு லோடு எடுத்தா 2000 போட்டவருக்கு 2000-த்துக்கு உண்டான பங்குதான் எழுதுவோம், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ரெண்டே பேர் மோதுனா மிச்ச சிப்ஸ ஒழுங்கா திருப்பித் தந்துருது, மூணு பேர் இருந்து அதுல கம்மி சிப்ஸ்காரன் ஜெயிச்சாத்தான் இந்த தப்பு வருது, உங்க டெவலப்பர் கிட்ட இதை அப்படியே சொல்லுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சிருவாங்க. ஸ்கிரீன் ரெக்கார்டிங் இந்த மெயிலோட இருக்கு.

என் அக்கா மகனுக்கு இந்த கேம வச்சுத்தான் போக்கர் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். அவன் இதைப் பாத்துட்டு "அப்ப ஜெயிச்சவனுக்கு மொத்தமும் போயிரும் போல மாமா"ங்குறான். இல்லடா, கேம்தான் தப்புன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறான். கத்துக்கிற பிள்ளைக்கு ரூலே தப்பா பதிஞ்சா அப்பறம் மாத்துறது எம்புட்டு கஷ்டம்.

இன்னொன்னு, கம்ப்யூட்டர் ஆளுங்க. முன்னெல்லாம் கண்ணாடியம்மா நல்ல கார்டு இல்லாம உள்ளயே வராது, தொப்பிக்காரன் கார்டு இல்லாமலே பெருசா போட்டு பிளஃப் அடிப்பான், ஒவ்வொருத்தரையும் கவனிச்சு ஆடுறதுலதான் சுகமே இருந்துச்சு. இப்ப எல்லாரும் ஒரே மாதிரி, கையில வேற வேற சின்னத்துல ஏழும் ரெண்டும், ஆட்டத்துலயே மட்டமான கை, அத வச்சிக்கிட்டு ஆல் இன்னுக்கு ஈடா சிப்ஸ் போட்டு கால் பண்றாய்ங்க, யாரும் கார்ட வச்சிட்டு ஃபோல்டு பண்ணாட்டி அப்பறம் நாம எதுக்கு பிளஃப் பண்ணணும்? இப்படி எல்லாரும் உள்ள வர்றதாலதான் மூணு பேர் மோதுற கையும் கூடிப் போச்சு, மேல சொன்ன தப்பும் அடிக்கடி வருது.

அப்பறம் நெட் இல்லாட்டி கேம் தொறக்கவே மாட்டேங்குது, எங்க ஊருல டவர் ஒத்தக் கோடுதான் காட்டும், வாங்குறப்ப ஆஃப்லைன்னு போட்டு இருந்துச்சு.

காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம 2025-ல மத்திய அரசு சட்டம் போட்டு தடை பண்ணிருச்சு, எனக்கு அது சந்தோசம்தான், அதுல அழிஞ்ச குடும்பத்த பாத்திருக்கேன். சும்மா சிப்ஸ் வச்சு ரசிச்சு ஆட உங்களது மாதிரி கேம்தான் எங்களுக்கு இருக்கு. சும்மா சிப்ஸ்தானேன்னு விட்டுராதீங்க.

சைடு பாட்ட சரி பண்ணி, பழைய கம்ப்யூட்டர் ஆளுங்களையும் ஆஃப்லைனையும் திருப்பிக் குடுங்க, எப்ப வரும்னு ஒரு தேதி சொல்லுங்க. முடியாதுன்னா 349 ரூபாய திருப்பி அனுப்பிருங்க. இந்த தடவையும் அதே ரெடிமேட் பதில் வந்தா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல இதே ரெக்கார்டிங்கோட புகார் பதிவு பண்ணுவேன்.

இப்படிக்கு,
ஃபுல் வெர்ஷன் கஸ்டமர், சேடபட்டி, மதுரை மாவட்டம்