அந்த வெள்ளைப் பூ சைவ்ஸ் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழகுக்காக வளர்க்கப்படும் வெங்காயச் செடிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆயினும் இரண்டு படங்களின் கீழ் அச்சாகியுள்ள தாவரவியல் பெயர்களைத் திருத்த வேண்டியுள்ளது.

முதல் படத்தில் வெள்ளைப் பூங்கொத்தும் தட்டையான இலைகளும் கொண்ட செடியை ‘அல்லியம் ஷீனோபிரேசம்’ என்று குறித்துள்ளீர்கள். அப்பெயருக்கு உரிய சைவ்ஸ் செடியின் இலை, வெங்காயத்தாளைப் போல உள்ளே குழலாக இருக்கும். பூவும் பெரும்பாலும் இளம் ஊதா நிறமே. படத்தில் இருப்பது, கசக்கினால் பூண்டு மணக்கும் கார்லிக் சைவ்ஸ், அதாவது ‘அல்லியம் டியூபரோசம்’. பூக்காத காலத்திலும், ஓர் இலையைக் குறுக்கே கிள்ளிப் பார்த்தாலே இரண்டையும் பிரித்தறியலாம்.

இந்தப் பெயர் விடுபட்டதில் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. பெயரிட்டவர் யார் என்று காட்ட, இதனுடன் தாவரவியலார் சேர்த்தெழுதும் ‘ராட்லர் எக்ஸ் ஸ்பிரெங்கல்’ என்பதில் வரும் ராட்லர், 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, செடிகளைச் சேகரித்து, தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்து, 1836-இல் சென்னையில் மறைந்த மிஷன் குருவானவர்தான். அவர் இட்ட பெயரை ஸ்பிரெங்கல் என்னும் தாவரவியலார் 1825-இல் முறைப்படி வெளியிட்டார் என்பதையே நடுவிலுள்ள ‘எக்ஸ்’ காட்டுகிறது. டியூபரோசம் என்றால் கிழங்குடையது என்று பொருள். இச்செடிக்கோ மட்டநிலத் தண்டுதான் உண்டு. எனினும், பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைக் கைவிடத் தாவரப் பெயரீட்டு விதிகள் இடம் தருவதில்லை.

இரண்டாம் படத்திலுள்ள ஊதா உருண்டைப் பூ ‘பர்ப்பிள் சென்சேஷன்’ என்னும் வகை. அது ‘அல்லியம் அஃப்லட்டுனென்சே’ அன்று. அஃப்லட்டுனென்சே என்பது மத்திய ஆசியாவைச் சேர்ந்த வேறொரு சிற்றினம். தோட்டங்களில் அப்பெயரால் வளர்ந்துவந்த செடி வேறென்று கண்டு, ஃபிரிட்ஷ் என்னும் தாவரவியலார் 1993-இல் ‘அல்லியம் ஹாலண்டிகம்’ என்று பெயரிட்டார். விற்பனைப் பட்டியல்களில் பழைய பெயர் இன்னும் நீடிப்பதால், கட்டுரையாளரை இதில் குறைகூற மாட்டேன்.

ஆனால், அல்லியம் என்ற சொல்லைக் கொண்டு இச்செடிகளை அல்லிக் குடும்பத்தில் சேர்த்திருப்பதை அப்படி விட இயலாது. அல்லியம் என்பது பூண்டைக் குறிக்கும் லத்தீன் சொல். நம் குளத்து அல்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வரும் இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். படத்தைப் பார்த்து அந்த வெள்ளைப் பூவுக்கு ஆசைப்படுபவர், தாங்கள் அச்சிட்ட பெயரைச் சொல்லி விதை கேட்டால், அவர் கைக்கு வருவது வேறு செடியாகவே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
உதகமண்டலம்