சான் ஓசேயிலிருந்து முத்துவுக்கு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆன பிறகும் அனல் மின் நிலையத்தில் கூப்பிட்டால் ஓடுகிறாய் என்றால், உனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். நான் இங்கே பேரனைப் பார்த்துக்கொள்கிறேன், மீதி நேரம் நடக்கிறேன்.

இங்கே கலிஃபோர்னியாவில், சான் ஓசேக்குத் தெற்கே நியூ அல்மடேன் என்று ஒரு மலை. இப்போது பூங்கா. ஒரு காலத்தில் வட அமெரிக்காவிலேயே அதிகமாகப் பாதரசம் எடுத்த சுரங்கம். இங்கிருந்த சிவப்புக் கல்லை ஓலோனி பழங்குடிகள் வண்ணமாகப் பூசிக்கொள்வார்களாம். நம்மூர் நாட்டுமருந்துக் கடை சாதிலிங்கம்தான் அது. 1845-இல் காஸ்டிலேரோ என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரி அதைப் பாதரசத் தாது என்று கண்டுகொண்டார். 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா!

கல்லை உலையில் வறுத்து, வரும் பாதரச ஆவியைக் குளிரவைத்து, 76 பவுண்டு பிடிக்கும் இரும்புக் குடுவைகளில் அடைத்து அனுப்பினார்கள். தங்க வயல்களில் மண்ணைக் கரைத்து ஓடவிடும் மரவாய்க்காலில் பாதரசத்தை ஊற்றுவார்கள். பொன் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும், மணல் போய்விடும். மணலோடு பாதரசமும் போனது. இப்படிக் கைநழுவியது மட்டும் சுமார் 4,500 டன் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டிருக்கிறது.

சுரங்கத்தை 1970-களில் மூடிவிட்டார்கள். ஆனால் வறுத்த கல்லை ஓடைக்கரையில் கொட்டியிருந்தார்களே, அது ஒவ்வொரு மழைக்கும் குவாடலூப்பே ஆற்றில் இறங்கி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவரை போகிறது. நீர்த்தேக்கச் சேற்றில் பாக்டீரியா அதிலுள்ள பாதரசத்தை உடம்பில் சேர்ந்து தங்கும் நஞ்சான மீதைல் பாதரசமாக்க, பாசியிலிருந்து சிறு மீன், அதிலிருந்து பெரிய மீன் என்று ஏறிக்கொண்டே போகிறது. கரையில் போர்டு வைத்திருக்கிறார்கள்: இந்த மீனைத் தின்னாதே. "அப்ப எதுக்குத் தாத்தா தூண்டில் போடுறாங்க?" என்றான் பேரன். எனக்கும் விளங்கவில்லை.

உனக்கு ஏன் இதை எழுதுகிறேன் தெரியுமா? இங்கே மலையைக் காட்டி, இதுதான் காரணம் என்று சொல்ல முடிகிறது. நிலக்கரியில் அந்த வசதி இல்லை. டன்னுக்கு 0.1 கிராம் பாதரசம் என்று வை. ஒரு நாளைக்கு 15,000 டன் எரித்தால் ஒன்றரைக் கிலோ. யார் கண்ணிலும் படாது. உங்கள் ஈ.எஸ்.பி. கருவி மின்னூட்டத்தால் புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்கும், ஆவியாகப் போகும் பாதரசத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே தப்பிவிடும், காற்றில் மாதக்கணக்கில் சுற்றும். உலகில் மனிதர்கள் காற்றில் விடும் பாதரசத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரியால்தான். 2015 டிசம்பரில் நம் அரசே பாதரசத்துக்கு வரம்பு விதித்தது. அதை யாராவது அளக்கிறார்களா? புகையிலுள்ள கந்தகத்தை நீக்கும் எஃப்.ஜி.டி. கருவி பொருத்தினால் பாதரசமும் கொஞ்சம் சிக்கும் என்று படித்தேன். உங்கள் பக்கம் அந்தப் பேச்சு என்ன ஆயிற்று, விவரமாக எழுது.

மதினியைக் கேட்டதாகச் சொல். மார்ச்சில் ஊருக்கு வருகிறேன், மீன் குழம்பு உன் வீட்டில்தான்.

அன்புடன்,
ராசு