பாட்டு ஒன்று, மெட்டு பல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளில் சிதறி வாழ்ந்த யூத சமூகங்களை இசை எவ்வாறு ஒன்றிணைத்தது என்பது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2018இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் முன்பின் அறியாத 3,000 பேர் ஓரிடத்தில் கூடி, ஒரு பாடலை அங்கேயே கற்றுச் சேர்ந்து பாடியதைக் கட்டுரையாளர் சுவைபட விவரித்திருந்தார். அதில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால், எல்லாரும் ஒரே மெட்டுக்கு வந்து சேர்ந்ததால்தான் ஒற்றுமை பிறந்தது என்ற எண்ணம் கட்டுரை முழுவதும் இழையோடுகிறது. நான் அறிந்த வரையில் நடந்தது வேறு. பல ஆண்டுகள் கேலிக்கும் புறக்கணிப்புக்கும் உள்ளாகியிருந்த மெட்டுகளை, அவற்றில் பிறந்து வளராத பிறர் பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் அங்கே ஏதோ ஒன்று இளகியது.

வெள்ளிக்கிழமை மாலையில் ஓய்வுநாளை வரவேற்றுப் பாடப்படும் 'லெகா தோதி' என்னும் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபெட்ஸ் இயற்றியது அது. முதல் எட்டுக் கண்ணிகளின் முதல் எழுத்துகளைக் கோத்துப் பார்த்தால் அவருடைய பெயர் கிடைக்கும். கடைசிக் கண்ணி வரும்போது, மணப்பெண்ணாக வரும் ஓய்வுநாளை எதிர்கொள்ளும் விதமாகச் சபையினர் அனைவரும் வாசல் பக்கம் திரும்பி நிற்பார்கள். போலந்திலும் மொராக்கோவிலும் கொச்சியிலும் சொற்கள் இவையேதான். மெட்டு மட்டும் ஊருக்கு ஊர் வேறு, ஒரே ஊரிலேயே குடும்பத்துக்குக் குடும்பம் வேறாகவும் இருக்கும்.

இதைச் சங்கீதம் அறிந்த வாசகர்களுக்கு இன்னும் சற்று அருகில் கொண்டுவரலாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகளின் வழிபாட்டில் 'அஹவா ரப்பா' என்றொரு சுர வரிசை உண்டு. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்று அடுக்கிப் பார்த்தால் அப்படியே நம் வகுளாபரணம். அரபு நாடுகளில் வாழ்ந்த யூதர்களின் 'ஹிஜாஸ்' மகாமும் (மகாம் என்பது அரபு இசையில் நம் ராகம் போன்றது) கீழ்ப்பாதியில் ஏறத்தாழ இதே சுர இடைவெளிகளைக் கொண்டதுதான். ஆனால் சிரியாவின் அலெப்போ நகர யூதர்கள், அன்று வாசிக்கும் வேதப் பகுதியில் யாருடைய மரணமாவது வந்தால் ஹிஜாஸைத் தேர்ந்தெடுப்பார்கள். அஷ்கெனாசிகளோ, உலகமே அறிந்த 'ஹவா நகிலா'வை இந்தச் சுர வரிசையில்தான் பாடி, கல்யாண வீட்டில் வட்டமாக நின்று ஆடுகிறார்கள். ஒரு வீட்டில் துக்கத்துக்கு உரியது அடுத்த வீட்டில் கொண்டாட்டத்துக்கு உரியதாகிறது. இதை அறியாத ஒருவர் மற்றவரின் ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தால் முகம் சுளிக்காமல் இருப்பது கடினம்.

இந்த வேறுபாடுகளை முதன்முதலில் முறையாகப் பதிவு செய்தவர், இன்றைய லாத்வியாவில் 1882இல் பிறந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெருசலேமில் குடியேறிய ஆபிரகாம் இடெல்சோன். அங்கே யெமன், பாரசீகம், பாக்தாத், மொராக்கோ முதலிய இடங்களின் யூதர்கள் சில தெருக்கள் தள்ளித் தள்ளி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஃபோனோகிராஃப் கருவியின் முன் அவர்களை அமர்த்திப் பாடச் செய்து பதிவு செய்தார். 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாகச் சுரக் குறிப்புகளோடு வெளியிட்டார். இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் ஒரு பொது வேர் இருப்பதாக அவர் வாதிட்டதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் ஏற்கவில்லை. ஆனாலும், வேதம் ஓதும் முறையில் தாங்களே மூத்தவர்கள் என்று ஒவ்வொரு பிரிவினரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், எல்லாருடைய குரலையும் ஒரே வரிசையில் வைத்தவர் அவர்.

இசை இணைக்கும் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மையைத்தான் எழுதியவர்களாவோம். 1818இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட ஜெப ஆலயத்தில் ஆர்கன் வாசித்தது, யூத சமூகத்தை இரண்டாகப் பிளந்த பெரும் சர்ச்சைகளில் ஒன்று. பெண் பாடுவதை ஆண் கேட்கலாகாது என்று கருதும் பழமைவாதிகளும் அப்படிக் கருதாதவர்களும் ஒரே சேர்ந்திசைக் குழுவில் எப்படி நிற்பது என்பது இன்றைக்கும் தீராத கேள்வி.

கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் கடந்து போன, பாக்தாத்தின் யூத இசைக் கலைஞர்களான அல்-குவைத்தி சகோதரர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக் அனுப்பிய வாத்தியக் கலைஞர்களில் பெரும்பாலோர் யூதர்கள் என்பதிலிருந்தே அக்காலத்து பாக்தாத்தின் இசை யாருடைய கையில் இருந்தது என்று விளங்கும். அண்ணன் சாலே வயலின் வாசிப்பார்; தம்பி தாவூத் ஊத் என்னும் அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பார். 1936இல் பாக்தாத் வானொலி தொடங்கியபோது அதன் இசைக்குழுவை அமைத்தவர்கள் இவர்கள். 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததும், டெல் அவிவின் ஹதிக்வா குடியிருப்பில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தார்கள். அரபு ஒலிபரப்பில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது உண்மைதான்; ஆனால் நாட்டின் பொது மேடை அவர்களுக்குத் திறக்கவில்லை. பகைவரின் மொழி, பகைவரின் இசை என்று அது ஒதுக்கப்பட்டது. மறுபக்கம் ஈராக்கிலோ, அவர்களுடைய பாடல்கள் பெயர் நீக்கப்பட்டு 'நாட்டார் மரபு' என்று ஒலிபரப்பாயின. தாவூத் தம் பிள்ளைகளை இசையின் பக்கமே விடவில்லை. அவர் 1976இல் மறைந்தார். தாத்தாவின் பெயரைத் தாங்கிப் பிறந்த பேரன் தூதூ தாசா, ராக் இசைக் கலைஞராக வளர்ந்த பிறகுதான் அந்தப் பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, 2011இல் அவற்றைப் புது வடிவில் வெளியிட்டார். இடையில் முழுசாக ஒரு தலைமுறை வீணாகியிருந்தது.

கேசட் பாடகர்கள் என்று இழிவாக அழைக்கப்பட்டவர்களின் கதையும் இதே வகைதான். யெமன் வழிவந்த சோஹர் அர்கோவ் போன்றோரின் பாட்டுகள் வானொலியில் அபூர்வமாகவே ஒலித்த நாட்களில், டெல் அவிவ் பேருந்து நிலையக் கடைகளில் அவை அடுக்கடுக்காக விற்றன. மக்கள் செவி ஒன்றைக் கேட்டது. நிலையத்தார் வேறொன்றை ஒலிபரப்பினர்.

மாற்றம் மெல்ல வந்தது. 1994இல் அஷ்தோத் நகரில், இடைக்கால ஸ்பெயினில் வேர்கொண்ட ஆந்தலூசிய இசைக்காகத் தொடங்கிய இசைக்குழுவில், மொராக்கோ மரபை வாய்வழியாகக் கற்றவர்களுக்குப் பக்கத்திலேயே, முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்து சுரக் குறிப்பைப் பார்த்து மட்டுமே வாசித்துப் பழகிய கலைஞர்கள் பலர் அமர்ந்தார்கள். இரு சாராருமே தங்கள் பழக்கத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால்தான் ஒரு பாட்டு நடக்கும் என்ற நிலை. 2006இல் அக்குழுவுக்கு நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசு கிடைத்தது. ஜெருசலேமில் அலெப்போ யூதர்கள் 1901இல் கட்டிய அதேஸ் ஜெப ஆலயத்தில், குளிர்கால ஓய்வுநாட்களில் விடியலுக்கு முன் மூன்று மணிக்கே தொடங்கும் 'பகாஷோத்' என்னும் வேண்டுதல் பாடல்களைக் கேட்க, ஐரோப்பிய வழிவந்த இளைஞர்களும் தூக்கம் விட்டு வருகிறார்கள். 'பாடும் சமூகங்கள்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட ஓர் அமைப்பு, வெவ்வேறு மரபுகளின் பக்திப் பாடல்களை, அவற்றில் தேர்ந்த பாடகர் ஒருவரிடமே சிறு சிறு குழுக்களாக அமர்ந்து கற்க ஏற்பாடு செய்துவருகிறது. மைதானத்தில் கூடும் ஒருநாள் கூட்டத்தைவிட இத்தகைய சிறு குழுக்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டுரையில் கொச்சி யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்) யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டில், பகல்விளக்கு, பாவாடை, குடை ஆகிய உரிமைகளோடு வடுகப்பறையும் காகளம் என்னும் ஊதுகருவியும் சொல்லப்படுகின்றன. தமிழ் அறிந்தவர் எழுத்துக்கூட்டிப் பொருள் காணக்கூடிய சொற்கள் இவை. இத்தனை பழைய சமூகத்துக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே சமமாக அமர முடியவில்லை. அதை எதிர்த்து வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்திய வழியில் போராடினார். ஆண்கள் வழிபாட்டில் இப்படிப் பிரிந்து நின்ற காலத்திலும், கல்யாண வீடுகளிலும் பண்டிகைகளிலும் பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுகள் எட்டு ஜெப ஆலயச் சபைகளுக்கும் பெருமளவு பொதுவாகவே இருந்தன. பெண்கள் கையால் எழுதி வைத்த நோட்டுகளில் ஒரு சபையின் பாட்டு இன்னொரு சபையின் நோட்டிலும் காணப்படுகிறது. ஆண்கள் முன்னிலையிலும் அவர்கள் தயங்காமல் பாடினார்கள். மற்ற பல யூத சமூகங்களில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டார்கள். பாட்டுகளும் கூடவே போய், பேரப்பிள்ளைகளுக்கு எபிரேயம் மட்டுமே தெரிந்த வீடுகளில் மெல்ல அடங்கின. ஆய்வாளர்கள் முதிய பெண்களைப் பாடச் செய்து எடுத்த பதிவுகளை, ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழக யூத இசை ஆய்வு மையம் 2004இல் குறுந்தட்டாக வெளியிட்டது. அவற்றில் கிளியை அழைத்துப் பாடும் பாட்டு ஒன்றை நான் முதல்முறை கேட்டபோது, அந்த மூதாட்டியின் சொந்தப் பேத்திக்கு விளங்காத சொற்கள் நாகர்கோவிலில் அமர்ந்திருந்த எனக்கு விளங்கின என்ற எண்ணம் மனத்தை ஏதோ செய்தது.

அந்தப் பாட்டு நோட்டுகளைப் பற்றித் தாங்கள் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கொழிந்த மலையாளச் சொற்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதித் தர என்னால் இயலும். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகர்கோவில்.